காஞ்சனமாலை குளித்த கடல்

மதுரைக்குக் கடல் கிடையாது. கிழக்கே தேவிபட்டினத்துக்கோ தெற்கே தூத்துக்குடிக்கோ போனால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆனாலும் மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலில் இறங்கி, புதுமண்டபத்தைத் தாண்டி, பாதியில் நின்றுபோன ராயகோபுரத்தின் பக்கம் வந்து வழி கேட்டுப் பாருங்கள். “ஏழுகடலா? இந்தத் தெருதான்” என்பார்கள், கூச்சம் துளியும் இல்லாமல்.

கதை திருவிளையாடற் புராணத்தில் ஒன்பதாவது படலம். தடாதகையின், அதாவது மீனாட்சியின், தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மகள் தன் கணவன் சொக்கநாதரிடம் சொல்கிறாள். ஒரு கடல் எதற்கு, ஏழையும் இங்கேயே வரவழைக்கிறேன் என்கிறார் மாப்பிள்ளை. ஏழு கடலும் ஏழு நிறத்தோடு ஒரு குளத்தில் வந்து இறங்குகின்றன. இதோடு முடிந்திருந்தால் இது வெறும் அற்புதம். புராணத்தைப் பாடிய பரஞ்சோதியார் விடவில்லை. கரையில் போய் நின்றால் சிக்கல்: நீராட, கணவன் கையையோ மகன் கையையோ கன்றின் வாலையோ பிடித்திருக்க வேண்டும் என்கிறது சாத்திரம். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் இல்லை. கன்றின் வாலைப் பிடிக்கவா அம்மாவை இவ்வளவு தூரம் அழைத்து வந்தோம் என்று மகளின் மனம் குமைந்திருக்கும். அடுத்த படலத்தில் அந்தக் கணவன் மலயத்துவசனே வானிலிருந்து இறங்கி வருகிறான். எனக்கு ஏழு கடலைவிட, கிழவி பிடித்துக்கொண்ட அந்த ஒரு கைதான் பெரிது.

வந்த கடல் விலகிப்போவதும் உண்டு. ஜப்பானின் ஒசாகாவில் சுமியோஷி என்று ஒரு பழைய ஷிண்டோ கோயில் உண்டு. கடற்பயணிகளைக் காக்கும் மூன்று தெய்வங்களுக்கு மூன்று சன்னதி, ஜிங்கு அரசிக்கு நான்காவது. நான்கும் மேற்கே கடலைப் பார்த்து நிற்கின்றன. ஆனால் முன்னால் இருந்த கடலை மண்ணிட்டுத் தூர்க்கத் தூர்க்க, அது விலகிப் போய்விட்டது. நம் ஏழுகடல் குளத்துக்கும் அதே கதிதான். இன்று அங்கே கடைகள். அந்தத் தெருவில் காஞ்சனமாலைக்கு ஒரு கோயில் மட்டும் இருக்கிறது. ஜப்பானியர் கடலின் அதிபதிகளைக் கும்பிட்டார்கள். நாம் கடலில் குளிக்க ஆசைப்பட்டவளைக் கும்பிடுகிறோம்.

உள்ளபடி, கடலரசனோடு மதுரைக்கு நல்ல உறவே இல்லை. ஊரை விழுங்க வந்த கடலை உக்கிரபாண்டியன் வேலெறிந்து வற்றச் செய்தான். பின்னொரு படலத்தில் வருணனே வயிற்றுவலிக்காரன். தீர்ப்பாரா என்று சொக்கநாதரைச் சோதிக்கக் கடலை ஏவுகிறான், நான்கு மேகங்கள் வந்து அதைக் குடித்துவிடுகின்றன. கடலுக்கு அதிபதியானவனைப் பொற்றாமரைக் குளத்தில் முழுக வைத்து வலி தீர்த்து அனுப்புகிறது புராணம். பரஞ்சோதியார் திருமறைக்காட்டில் பிறந்தவர், கடலோரத்துக்காரர். அதனால்தான் கடலை இப்படிக் கேலி செய்ய வந்திருக்கிறது போலும்.

கல்லில் நீரைத் தேடினால் நான் மீனாட்சி கோயிலுக்குள் கம்பத்தடி மண்டபத்துக்குத்தான் போவேன். திருக்கல்யாணத் தூண். நடுவில் தலை சற்றே தாழ்ந்த மீனாட்சி, கைப்பற்றும் சொக்கர், தாரை வார்க்கும் திருமால். சிற்பி கெண்டியின் சாய்விலும் கைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்த விதத்திலும் நீரைச் சொல்லிவிடுகிறான். சுற்றிலும் தள்ளுமுள்ளு, ஒரு நிமிஷம் நின்றால் பின்னாலிருந்து “நகருங்க சாமி” என்று குரல் வரும். பரவாயில்லை, மறுபடி ஒரு சுற்று.

வெளியே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம், 124 தூண்கள். நெடுங்காலம் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் மூடிக்கிடந்த சிற்பங்கள். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்பு தைத்ததும் இந்தத் தூண்களின் அடியில்தான். ஆனால் மண்டபம் எழுந்தது வைகாசி வசந்த விழாவுக்காக. சுற்றிலும் ஆழமில்லாத ஓர் அகழி. அதில் தண்ணீர் நிரப்பினால், அக்கினி வெயில் காய்ந்த ஊரில், கடலிலிருந்து வருவதுபோல ஒரு காற்று தூண்களுக்கு இடையே நுழைந்து உள்ளே அமர்ந்திருக்கும் அம்மனைத் தொடும்.