அப்பாவிப் பார்வையின் அரசியல்

'ஒண்ணும் தெரியாத ஆள்' என்பது கதைசொல்லிக்கு ரொம்ப வசதியான வேடம். 2012இல் அங்குலேம் விழாவில் முதல் பரிசு பெற்ற கீ தெலிலின் 'ஜெருசலேம்' (பிரெஞ்சில் 2011) அந்த வேடத்தின் மீதே நிற்கும் சித்திரப் பிரதி. கியூபெக்கைச் சேர்ந்த தெலில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் மனைவிக்கு அங்கே பணி என்பதால், 2008இல் குழந்தைகளோடு கிழக்கு ஜெருசலேமின் பெய்த் ஹனீனாவில் குடியேறுகிறார். ஓராண்டு வாசம். அவர் கண்ணில் படுவதெல்லாம் சில்லறைக் காரியங்கள்: வண்டி நெரிசல், தெருக் குப்பை, குழந்தைகள் விளையாட ஓர் இடம், மூன்று மதத்துக்கு மூன்று ஓய்வு நாள். திரும்பத் திரும்ப வரைவது சுவரை. 2002இல் கட்டத் தொடங்கி, 2004இல் சர்வதேச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று கருத்துரைத்த அதே சுவர்.

"இதில் அரசியல் எங்கே இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜோ சாக்கோவின் 'பாலஸ்தீனம்' போல இல்லையே என்பது அவர்கள் குறை. சாக்கோ சாட்சியங்களைத் தேடிப் போகிறவர். தெலிலோ போகிற வழியில் தடுக்கி விழுகிறவர். அதிகாரம் டாங்கியில் மட்டும் வருவதில்லை, குப்பை அள்ளப்படாத தெருவாகவும் வரும் என்பதை இந்தத் தடுக்கல்தான் காட்டுகிறது. யூதக் குடியேற்றம் ஒன்றின் கடைக்குப் போகிறவர், ஆக்கிரமித்த நிலத்தில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுக்கிறார். பார்த்தால், முக்காடிட்ட பெண்கள் பை நிறையச் சாமான்களோடு வெளியே வருகிறார்கள். விருந்தாளியின் அறம், அங்கேயே வாழ்கிறவர்களின் அன்றாடத்துக்கு முன்னால் அசடு வழிகிறது.

என் சண்டை வேறு இடத்தில். இந்த அப்பாவித்தனம் யாருக்குக் கட்டுப்படியாகும்?

மையம், விளிம்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறோம். அங்கே 'மையம்' ஓர் அலுவலக வார்த்தை. 1967இல் பிடிக்கப்பட்ட கிழக்கு ஜெருசலேமின் பாலஸ்தீனரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடையாது, வசிப்புரிமை மட்டுமே. தங்கள் 'வாழ்வின் மையம்' அந்நகரில்தான் என்று வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் காட்டி நிரூபிக்க வேண்டும். தவறினால் உரிமை போச்சு. அப்படி இழந்தவர்கள் 1967 முதல் 14,000 பேருக்கு மேல். தெலிலுக்கு அன்றாடம் என்பது குறிப்பேடு. பக்கத்து வீட்டுக்காரருக்கோ அது சாட்சிப் பத்திரம். ஒரு ரசீது தொலைந்தாலும் வயிற்றில் புளி கரைக்கும். ஒண்ணும் தெரியாமல் இருக்கிற சலுகை அவருக்கு ஒரு நாளும் வாய்க்காது.

2008 டிசம்பர் கடைசியில் காஸா மீது குண்டு விழத் தொடங்கி, மூன்று வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளே போக அனுமதி கிடைக்காத தெலிலுக்கு அது பிறர் சொல்லிக் கேட்ட செய்தி. 2023 அக்டோபருக்குப் பிந்திய காஸாவைப் பார்த்துவிட்டு இந்நூலைத் திரும்பப் பிரித்தேன். முன்பு சிரித்த கட்டங்களில் சிரிப்பு வரவில்லை.

அதற்காக நூலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. தான் வந்து போகிற ஆள் என்பதை தெலில் எங்கும் மறைக்கவில்லை. அவர் கிளம்பலாம், சுவர் கிளம்பாது. நாம் வாசிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.