3584க்கும் 3584க்கும் இடையில்

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 2017 மார்ச்சில் வெளிவந்தது. அதில் 3584 கோர்கள். 2021 பெப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இலும் அதே 3584தான். நல்லூரில் கலியாணவீட்டு வீடியோ எடிற் பண்ணும் ஒருவர் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்று தேடினால், இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்க வேண்டி வரலாம். கைபேசியில் இரண்டின் விவரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். மெமரி பஸ் 352 பிட்டுக்கு 192 பிட். செக்கனுக்குக் கடத்தும் தரவு 484 ஜிபிக்கு 360 ஜிபி. பழையதே மேல் என்று அட்டவணை சொல்கிறது. விளையாட்டுகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கோ, ரே ட்ரேசிங் இல்லாத இடங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். ஏவி1 வீடியோ ஒன்று கையில் வந்தால் 3060 அதைத் தன் சிப்பிலேயே பிரித்துக் காட்டும். 1080 டிஐக்கு அந்த வசதி இல்லை. பாரம் முழுக்க புரொசசரின் தலையில் விழும்.

இதற்காக அட்டவணை பார்க்கும் பழக்கத்தையே தூக்கி எறிய முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. அப்படியிருக்க, கடைக்காரரின் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி யாரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. "அண்ணை, இது எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்ட காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கும் தந்திரத்தை அட்டவணைதான் காட்டிக் கொடுக்கும். ஜிடி 1030 என்ற பெயரில் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு ஒரு கார்ட், சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று. முதலாவது செக்கனுக்கு 48 ஜிபி கடத்தும், இரண்டாவது 16.8 ஜிபிதான். ஜிடிஎக்ஸ் 1060இன் 3 ஜிபி வகையில் நினைவகம் மட்டும் குறையவில்லை, கோர்களும் 1280இலிருந்து 1152 ஆகக் குறைந்தன. பெட்டியின் முகப்பைப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆக, ஒரே தலைமுறைக்குள் அட்டவணை நல்ல துணை. தலைமுறை தாண்டும்போதுதான் சிக்கல். ஆர்டிஎக்ஸ் 2080இல் 2944 கோர்கள். அதற்கு அடுத்த தலைமுறையின் 3070இல் 5888, சரியாக இரட்டிப்பு. ஆனால் சிப்பில் கோர்கள் அடங்கும் பகுதிகளை எண்ணினால் இரண்டிலும் 46தான். முன்பு முழு எண் கணக்குக்கு மட்டும் ஒதுக்கியிருந்த அலகுகள் தசமக் கணக்கையும் செய்யும்படி மாற்றப்பட்டன. உடனே அவையும் கோர் எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டன. விளைவு என்ன? 5888 கோர்கள் கொண்ட 3070, 4352 கோர்கள் கொண்ட பழைய 2080 டிஐயோடு ஏறத்தாழ சமமாக நின்றது. பத்துப் பரப்புச் செம்மண் தோட்டமும் பத்துப் பரப்புத் தரவைக் காணியும் உறுதியில் ஒரே அளவுதான். விளைச்சலைக் கேட்டால் தெரியும்.

இதே பிழை மறுபக்கமாகவும் நடக்கும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060இன் மெமரி பஸ் 128 பிட், கடத்தும் வேகம் 272 ஜிபி. இரண்டும் 3060ஐவிடக் குறைவு. ஆனால் சிப்புக்குள்ளேயே 24 எம்பி எல்2 காஷ் இருப்பதால் நினைவகத்தை அடிக்கடி தொட வேண்டிய தேவை குறைகிறது. விளையாட்டுகளில் அது 3060ஐ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முந்துகிறது. அதற்காக நினைவக வரிசையையே கணக்கில் எடுக்காமல் விட்டால் அதுவும் தவறு. 4060இல் 8 ஜிபிதான், 3060இல் 12. டாவின்சி ரிசோல்வில் 4கே காட்சிக்கு நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேலே கலர் கிரேடிங் அடுக்கினால், 8 ஜிபி நிரம்பி மென்பொருள் முரண்டு பிடிக்கும். காஷ் வேகத்தைக் கூட்டலாம், இடத்தைக் கூட்டாது.

என் பெரிய குறை வேறு. வீடியோ எடிற் பண்ணும் தொழிலுக்கு வேண்டிய வரிசை பெரும்பாலான அட்டவணைகளில் இல்லை. 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வீடியோவை என்கோட் செய்யும் வன்பொருளே கிடையாது. 2017இன் ஆர்எக்ஸ் 580இல் அது இருந்தது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்குத் தாலிகட்டை நேரலையாக அனுப்புபவருக்கு, ஐந்து வருடம் புதிய கார்ட் ஒரு படி கீழே. அடுத்தது கமராக்கள். சோனி ஏ7 IV போன்றவை 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. அந்தக் கோப்பை வன்பொருளில் டிகோட் செய்யும் திறன் என்விடியாவில் 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடுதான் வந்தது. அதற்கு முந்திய 4090 வாங்கியவருக்கும் அந்த வசதி இல்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸோ எச்.265இல் பதிந்த 4:2:2ஐ நன்றாகவே கையாளும். கோர் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைக் காணவே மாட்டார்.

தலைமுறை எதுவானாலும் நான் நம்பிப் பார்க்கும் வரிசை வாட். 1080 டிஐக்கு 250, 3060க்கு 170, 4060க்கு 115. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் ஏறியதை நாம் மறக்கவில்லை. முழுப் பாரத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை என்றால், முதல் இரண்டுக்கும் இடையில் மாதம் ஏறக்குறைய 19 யூனிற் வித்தியாசம். கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும். மதர்போர்டு பழையதென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 4060 எட்டு லேன்களையும் 6500 எக்ஸ்டி நான்கு லேன்களையும் மட்டுமே பாவிக்கின்றன. பிசிஐஇ 3.0 போர்டில் 6500 எக்ஸ்டி நன்றாகவே அடி வாங்கும்.

பாவித்த கார்ட்டின் வயது எந்த அட்டவணையிலும் வராது. 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்ட் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அதற்காக இரவு பகலாகச் சுரங்க வேலை (மைனிங்) செய்த கார்ட்கள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. விசிறி தேய்ந்ததா, தேர்மல் பேஸ்ட் காய்ந்ததா என்பதை யாழ்ப்பாணத்து வெக்கையில் ஒரு மணி நேரம் ஓட்டித்தான் அறியலாம். 1080 டிஐ அடங்கும் பாஸ்கல் வரிசைக்கு வழக்கமான டிரைவர்கள் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஒக்டோபர் வரைதான்.

3060, 1080 டிஐ இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் 3060ஐ எடுங்கள். எதை எடுத்தாலும், காசு கொடுக்கு முன் உங்கள் கமராவில் எடுத்த ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய், அந்தக் கார்ட்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.