இடித்துரைப்பார்க்கு அரண் எது?

திருக்குறளின் பொருட்பாலைக் கற்பிக்கும் ஆசிரியர், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் சற்றே நின்று செல்வது வழக்கம். தவறு கண்டவிடத்துக் கடிந்துரைப்பாரைப் பெறாத மன்னன், பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது ஆங்கு வள்ளுவர் காட்டும் முடிபு. அமைச்சு அதிகாரத்தில், அரசன் கேளாதவனாயினும் அவனுக்கு நன்மையை எடுத்துரைத்தல் அமைச்சன் கடன் என்கின்றார். ஆயின், மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் அவரது குரல் மாறுகின்றது. தீக்காய்வார் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் மன்னரிடம் பழகுக என எச்சரிக்கின்றார்.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் இடைவெளி புலனாகும். சொல்லுதல் கடமை; பொறுத்துக் கேட்டல் அரசனின் பண்பு. சொன்னவனைக் காப்பவர் யார்? அரசனின் பொறுமையன்றி வேறோர் அரணை இவ்வதிகாரங்களில் காண்பதற்கில்லை. இது வள்ளுவரின் குறையன்று, முடியாட்சியின் எல்லை.

அவ்விடைவெளியைச் சட்டத்தால் அடைக்க முயன்றதே நாடாளுமன்ற ஆட்சிமுறை. பிரிட்டன் 1861இல் பொதுக் கணக்குக் குழுவை நிறுவியது. மலேசிய நாடாளுமன்றத்திலும் அத்தகைய குழு உண்டு. அவையிலோ அதன் குழுவிலோ பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடரலாகாது என்பது கூட்டரசு அரசமைப்பின் 63ஆம் விதி. 1971ஆம் ஆண்டுத் திருத்தம் தேச நிந்தனைக் குற்றத்தை இப்பாதுகாப்பினின்று விலக்கியது.

இவ்வரண் போதுமானதா என்பதை 2015ஆம் ஆண்டு சோதித்துப் பார்த்தது. அவ்வாண்டு அக்குழு 1எம்.டி.பி. நிறுவனத்தின் கணக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தது. ஜூலை 22ஆம் நாள், குழுவின் எதிர்க்கட்சி உறுப்பினர் டோனி புவா வெளிநாடு செல்லாதவாறு விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். ஆறு நாள் கழித்து அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டபோது, குழுத்தலைவர் நூர் ஜஸ்லானும் வேறு மூன்று உறுப்பினரும் அரசாங்கப் பதவி பெற்றனர். அரசாங்கப் பதவி வகிப்போர் அக்குழுவில் நீடிக்க இயலாது, விசாரணை தடைப்பட்டது. அக்டோபரில் புதிய தலைவர் வந்தார். அறிக்கை அவைக்கு வந்ததோ 2016 ஏப்ரல் 7ஆம் நாள்தான்.

பெடாஸ் வட்டாரத் தோட்ட வாழ்வை அறிந்தவர்க்கு இது புதிராகாது. பால் நிறுக்கும் கொட்டகையில் தராசை எட்டிப்பார்த்துக் கேள்வி கேட்கும் தொழிலாளியை அடக்க இரு வழிகள் உண்டு. மறுநாள் பெரட்டில் அவனைத் தொலைவான மேட்டு நிரைக்கு அனுப்பலாம். அன்றி, மண்டோராக உயர்த்தலாம். முன்னதைத் தண்டனை என்பர். பின்னதைப் பாராட்டு என்பர். இரண்டிலும் தராசின் அருகே கேள்வி கேட்க ஆளில்லை என்பதே முடிவு.

பதவி பெற்றோரின் தகுதியை இங்கு ஐயுறுவதற்கில்லை. நியமனமும் சட்டத்திற்கு உட்பட்டதே. சட்டத்திற்கு உட்பட்டே ஒரு விசாரணையை நிறுத்திவிடலாம் என்பதன்றோ கவலைக்குரியது! பேச்சுக்கு மட்டும் காப்பளிக்கும் சட்டம், பேசுபவரின் இருக்கைக்குக் காப்பளிக்கவில்லை. தொடங்கிய விசாரணை முடியும்வரை உறுப்பினரை மாற்றாதிருத்தல், மாற்றியே தீரவேண்டுமெனில் உடனே இடம் நிரப்புதல், தலைமையை எதிர்க்கட்சிக்கு அளித்தல் ஆகிய மூன்றும் வேண்டப்படும். இந்தியாவில் 1967 முதல் பின்னது மரபாயிற்று. மலேசியாவிலும் 2018இல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைவரானார். ஆயினும் மரபு, ஆள்வோர் விரும்பும்வரையே நிற்கும். விதியாக எழுதப்படுவதே நிலைக்கும்.

இடித்துரைப்பார் வேண்டும் என்று மாணவர்க்குக் கற்பிப்பதோடு ஆசிரியர் பணி நிறைவுறுவதில்லை. இடித்துரைத்தவர் மறுநாளும் அதே இருக்கையில் இருக்கின்றாரா என்று கேட்கவும் கற்பித்தல் வேண்டும். அக்கேள்வி எழாத நாட்டில், குறள் மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடும்.