துணைவலியும் ஒரு சொற்றொடரும்

வினை மேற்கொள்வோன் சீர்தூக்க வேண்டிய வலிகளுள் துணைவரின் வலியையும் ஒன்றாக வைத்தவர் வள்ளுவர். அவரே அப்பொருட்பாலிற் கூடாநட்பு என்றோர் அதிகாரத்தையும் அமைத்தார். துணைவன் எத்துணை வலியன் என்பதை அவன் படையும் கலமும் காட்டும். அவ்வலி எவருக்குப் பயன்படும் என்பதையோ உடன்படிக்கையின் வாசகமே காட்டும். ஆதலின், இலக்கியத்தைச் சொல்தோறும் ஆராயும் நாம் உடன்படிக்கைகளையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். இதற்கு வேண்டிய சான்று நம் புத்தளக் கரையிலேயே கற்பிட்டிக் கோட்டையாக நிற்கின்றது.

கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் 1636இல் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குத் திருமுகம் விடுத்து, போர்த்துக்கேயரை வெளியேற்றத் துணை வேண்டினான். அவ்வேண்டுகோளைப் பேதைமை என இகழ்வது பொருந்தாது. 1638 மார்ச்சில் கன்னொறுவைப் போரிற் போர்த்துக்கேயரை முறியடித்த வலிமை அவன் தரைப்படைக்கு இருந்தது. ஆயினும் கடற்கரைக் கோட்டைகள் கடல்வழியாக உணவும் படையும் பெற்றன. கண்டியிடமோ கப்பற்படை இல்லை. தன்வலியின் குறையைத் துணைவலியால் நிரப்ப முயன்றது அரசியல் அறிவேயாம்.

குறை வேண்டுகோளில் இல்லை, வாசகத்தில் இருந்தது. மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தபின், 1638 மே 23ஆம் நாள், அரசனும் ஒல்லாந்தத் தளபதி வெசுற்றர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். போர்ச்செலவை அரசன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பதைப் பற்றியது மூன்றாம் விதி. அரசனுடைய படியில், அவன் அதனைத் தக்கதெனக் கருதினால் என்னும் பொருளுடைய ஒரு தொடர் இருந்தது. ஒல்லாந்தர் படியில் அத்தொடர் இல்லை.

அச்சிறு தொடரின் இன்மை விளைத்தது என்னை? திருகோணமலையும் மட்டக்களப்பும் அரசனிடம் மீண்டன. கறுவா விளையும் நிலத்தைக் காத்த காலியும் நீர்கொழும்பும் கடனுக்கு ஈடென நிறுத்தி வைக்கப்பட்டன. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அதன் வாயில் அரசனுக்கு அடைக்கப்பட்டது. 1659இல் ஒல்லாந்தர் கற்பிட்டியையும் கைக்கொண்டு, 1667 முதல் 1676 வரை அங்குக் கோட்டை கட்டினர். போர்த்துக்கேயர் அப்போது இலங்கையிலேயே இல்லை. புத்தளக் களப்பின் வாயிலை நோக்கிய அக்கோட்டை, துணைவேண்டி அழைத்த கண்டியின் கடல் வாணிகத்தையே அடக்கியது. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்கள் கூறும் பழமொழி இக்கதையையே சுட்டும். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கரை முழுவதையும் கண்டி இழந்தது. புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு எடுப்பதுகூட ஒல்லாந்தர் இசைந்தளிக்கும் உரிமையாயிற்று.

இதனை ஒல்லாந்தர் வஞ்சகம் என்று கூறி நூலை மூடிவிடுவாருளர். வஞ்சகம் உண்மையே, எனினும் அம்முடிபு மாணவர்க்குப் போதாது. கூட்டுப் பாதுகாப்பை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: முடிவு செய்பவர் யார்? செலவு ஏற்பவர் யார்? வந்த படை திரும்பிச் செல்லும் வழி யாது? 1638இல் இம்மூன்றுக்கும் விடை மெலியவனுக்கு எதிராகவே அமைந்தது.

1949இல் பன்னிரு நாடுகள் செய்த வட அத்திலாந்திக்கு உடன்படிக்கையை இவ்வினாக்களால் அளந்து நோக்குவோம். ஓர் உறுப்பினர்மீது நிகழும் தாக்குதல் அனைவர்மீதும் நிகழ்ந்ததாகும் என்பது அதன் ஐந்தாம் விதி. ஆயினும், தேவையெனத் தான் கருதும் நடவடிக்கையையே ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்று அவ்விதி வரையறுக்கின்றது. இத்தொடர் கூட்டணியைத் தளர்த்துகின்றது என்பார் சிலர். எனக்கோ, இராசசிங்கன் இழந்த தொடரே அங்குக் காக்கப்பட்டுள்ளது எனத் தோன்றுகின்றது. பிரான்சு 1966இல் அதன் கூட்டுத் தலைமைப் படையமைப்பிலிருந்து விலகியபோது, அந்நாட்டிலிருந்த நேசநாட்டுப் படைகள் 1967இல் வெளியேறின, உடன்படிக்கையோ முறியவில்லை. 2024இல் உறுப்பினர் தொகை முப்பத்திரண்டாயிற்று. விலக வழியுள்ள வீட்டிற் புக எவரும் அஞ்சார் என்க.

நம் நாடும் அவ்வழியை அறியும். 1947இல் பிரித்தானியாவுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தம், தள வசதிகளை இருவரும் இசைந்தவாறே அளிக்கும்படி வகுத்தது. ஆதலின் 1957இல் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் ஒரு வெடியோசையும் இன்றி மீண்டன.

இன்றைய பகை கோட்டை மதிலை முட்டுவதன்று. போதைப்பொருட் கடத்தலும் இணையவழித் தாக்குதலும் பயங்கரவாதமும் எல்லை அறியா. இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரீசியசு ஆகியன 2024இல் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுச் சாசனத்தில் ஒப்பமிட்டமை இதனாலேயாம். தனித்து நிற்றல் இனி இயலாது. எனினும் துணைவலி தன்வலிக்கு ஈடாகாது. 2019 சனவரியில் நம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் வெடிபொருள்கள் கைப்பற்றப்பட்டன. ஏப்பிரலில் இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கையும் வந்தது. ஈஸ்டர் ஞாயிற்றின் பேரழிவு அவ்வாறிருந்தும் தடுக்கப்படவில்லை. நட்புநாடு செய்தியைத் தரலாம், செயல் நம்முடையது.

2025 ஏப்பிரலில் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு கைச்சாத்தானபோது, அதன் வாசகத்தை வெளியிடுக என்ற குரல் எழுந்தது. அது பகைமைக் குரல் அன்று. வாசகத்தைப் படித்தறியும் மக்களே உடன்படிக்கைக்கு முதற்காவல். நட்பு நேரியதாயின் அவ்வாசிப்பால் அதற்கு வலிமையே சேரும். கற்பிட்டிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர், மதிலின் உயரத்தை அளந்தபின், அம்மதிலை எழுப்பவைத்த ஒரு சொற்றொடரின் இன்மையையும் எண்ணிப் பார்ப்பாராக.