துணி யாருடையது?

சித்தூரில் நான் தனியாளாக டி.டி.பி. வேலை பார்த்த வருடங்களில் வாடிக்கையாளர்களுக்கு நான் 'தம்பி'. வாடகைக்கு ஓர் அறை பிடித்து, இரண்டு பையன்களை உட்காரவைத்து, வாசலில் போர்டு மாட்டிய வாரமே 'ஓனர்காரு' ஆகிவிட்டேன். வருமானம் ஏறவில்லை, இறங்கியது. ஏறியது மரியாதை மட்டும். தனியாளாக வேலை செய்பவனைக் கெடுப்பதில் கடனுக்கு அடுத்த இடம் இந்த மரியாதைக்குத்தான் என்பது என் கட்சி. அந்தக் கட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று இங்கே உரசிப் பார்க்கிறேன்.

ஊரில் எல்லோர் மனதிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதல் படி சம்பளம், இரண்டாவது ஃப்ரீலான்ஸ், மூன்றாவது ஆள் வைத்த கடை, உச்சியில் கம்பெனி. இரண்டாவது படியில் அதிக நாள் நிற்பவனைப் பார்த்தால் 'இன்னும் செட்டில் ஆகவில்லையா' என்கிறார்கள். உச்சிக்கு உதாரணம் கேட்டால் திருப்பதிப் பக்கம் அமரராஜா பேட்டரி கம்பெனியைத் தவிர வேறு பெயர் வராது. அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கல்லா ராமச்சந்திர நாயுடு ஊர் திரும்பி 1985இல் கரகம்பாடியில் தொடங்கியது அது. நல்ல கதைதான். ஆனால் நம் விஷயத்துக்கு அது சாட்சி ஆகாது. தனியாளாக வேலை செய்து, ஆர்டர் மிஞ்சி, ஒவ்வொருவராக ஆள் சேர்த்து வளர்ந்த கதை அல்ல அது, தொடங்கும்போதே தொழிற்சாலை. நமக்கு வேண்டிய சாட்சிகள் இன்னும் சின்ன இடங்களில் இருக்கிறார்கள்.

முதல் சாட்சி திருக்காளத்தி. பலகைகளில் ஸ்ரீகாளஹஸ்தி, 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், பிறகு திருப்பதி மாவட்டம். 1950களில், துணியில் கையால் எழுதும் கலம்காரி அங்கே ஏறக்குறைய அணைந்துபோயிருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் அந்தப் பத்தாண்டின் கடைசியில் பயிற்சி மையம் ஒன்று வந்து, தொழில் மறுபடி பற்றிக்கொண்டது. அதில் தேர்ந்த ஜொன்னலகட்டா குர்ரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் விருது வாங்கிய கையைவிட துணியின் பயணத்தைப் பார்த்தால்தான் நம் கேள்விக்கு வெளிச்சம் கிடைக்கும். காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காயும் எருமைப்பாலும் கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் போடுகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறுகிறது. சாயம் பரவாமல் பிடித்துவைப்பது பாலின் கொழுப்பு. காய்ந்த துணி பக்கத்தில் போனாலே நாறும். புளியங்குச்சிக் கரியால் உருவம் போடுகிறார்கள். கலம் என்னும், நுனியில் கம்பளி சுற்றிய மூங்கில் பேனாவை, இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டு நாட்கணக்கில் புளிக்கவைத்த நீரில் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். இழுக்கும்போது அது மங்கலாகத்தான் தெரியும். கடுக்காயோடு சேரச் சேரக் கறுக்கும். பிறகு படிகாரம், சிவப்புக்குக் கொதிக்கவைப்பது, ஓடும் நீரில் அலசுவது, மறுபடி பால், மஞ்சள், நீலம். பெரிய சீலை ஒன்று முடிய வாரக்கணக்கு ஆகும். பொன்முகலி ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும்.

இந்த வாரங்கள் முழுவதும் துணி யாருடையது? ஒரே தெருவில், ஒரே தேர்ச்சியோடு இரண்டு பேர் கோடு இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மடியில் இருப்பது பட்டறைக்காரர் கொடுத்த துணி. இழுத்த கோட்டுக்குக் கூலி, சனிக்கிழமை கையில் காசு. மற்றவர் மடியில் இருப்பது அவரே வாங்கிய துணி. அது விற்கும்வரை காசு இல்லை. அவரிடம் வேலையாள் இல்லாமலும் இருக்கலாம், வண்ணம் நிரப்ப மனைவியும் மகளும் மட்டும் இருக்கலாம். இருந்தாலும் தொழிலை உடையவர் அவர்தான். விலை சொல்லும் உரிமை அவரிடம் இருக்கிறது. எந்தத் துணியில் எந்தக் கதையை எழுதுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். காத்திருப்பின் பளுவை அவர் சுமக்கிறார், அதற்கான விலையையும் அவரே வாங்குகிறார்.

இரண்டாவது சாட்சி நகரி. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் பக்கம் தெருவுக்குள் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வாழும் ஊர்கள். எட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை, "அண்ணா, உங்களுக்கென்ன, எட்டுத் தறிக்கு முதலாளி" என்றேன். தறிக்கொட்டகையில் பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அவரும் கத்தினார்: "தறி என்னுது தம்பி. கரண்டு பில்லு என்னுது. ஆளு கூலி என்னுது. பாவு மட்டும் யாபாரிது!"

அந்த 'மட்டும்' சின்னச் சொல் இல்லை. பாவும் ஊடையும் வியாபாரி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி, டேமேஜ் இருந்தால் பிடித்தம். இதை அங்கே ஜாப் ஒர்க் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கொட்டகை, இயந்திரம், வேலையாள் என எல்லா லட்சணமும் உண்டு. உள்ளே பார்த்தால் அவர் தவணையும் மின்கட்டணமும் கட்டுகிற ஃப்ரீலான்ஸர். கலம்காரித் துணி வைத்திருப்பவரிடம் ஆள் இல்லை, தொழில் இருக்கிறது. இவரிடம் ஆள் இருக்கிறது, தொழில் பாதிதான் இருக்கிறது. ஊர் போட்ட படிக்கட்டில் இவர்தான் மேல்படி.

தமிழே இதை முன்னால் சொல்லிவைத்திருக்கிறது. முதலாளி என்றால் முதலை ஆள்பவன். வேலையாட்களை ஆள்பவன் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. நாம்தான் பழக்கத்தில் அப்படிப் படித்துக்கொண்டோம்.

என் கடைக் கணக்குக்கு வருகிறேன். எண்களைச் சுற்றி வட்டமாக்கிக்கொள்வோம். தனியாளாக மாதம் 24 நாள் வேலை, நாளுக்கு 2,500, ஆக 60,000. கடை போட்டதும் அறை வாடகை 8,000, பையன்கள் இருவருக்கு 15,000 வீதம் 30,000, கரண்டு, நெட், கம்ப்யூட்டர் தவணை 7,000. மொத்தம் 45,000. பழைய 60,000 கைக்கு வர வேண்டுமென்றால் மாதம் 1,05,000க்கு பில் போட வேண்டும். ஆனால் இப்போது என் 24 நாளில் பாதி, வேலை பிடிக்கவும், பையன்கள் செய்ததைத் திருத்தவும், பாக்கி கேட்டு அலையவும் போய்விடுகிறது. என் கையால் வருவது 30,000. மீதி 75,000ஐ இரண்டு பையன்களும் சம்பாதித்துத் தர வேண்டும், ஆளுக்கு 37,500. அதாவது என் ரேட்டிலேயே ஆளுக்கு 15 நாள் வேலை விற்க வேண்டும். என் கைக்காக வந்தவர் பையன் கைக்கு அதே ரேட் ஏன் தருவார்? தரவில்லை. தரக் கூடாது என்றும் சொல்வேன். ஒற்றெழுத்து விழுந்த திருமண அழைப்பிதழைத் தாம்பூலத்தட்டில் வைக்க யாருக்கு மனம் வரும்?

பணம் வரும் வேகம் இன்னொரு கதை. வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் என்றால், இரண்டு மாதக் கடைச் செலவு 90,000 ரூபாய் எப்போதும் என் பையிலிருந்து வெளியே நிற்கிறது. ஒரு பெரிய வாடிக்கையாளர் ஏழு மாதம் இழுத்தார். சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டிபோல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்து நெருக்குகிறது: குறு, சிறு தொழிலுக்கு உரிய நாளில் தராத பாக்கியை, தந்து முடிக்கும்வரை வாங்கியவர் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. எல்லாம் சரி. சித்தூர் அளவு ஊரில் வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட்டுவிட்டு அடுத்த வேலையை யாரிடம் கேட்பது? தனியாளாக இருந்தபோது ஏழு மாதத் தாமதம் எரிச்சல். ஓனரானபோது அது ஏழு சம்பள நாள்.

ஆள் வைப்பதற்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இரண்டு பெயரை எடுப்பார்கள். மைக்கேல் கெர்பர் 1986இல் எழுதிய புத்தகம் ஒன்று. வேலை தெரிந்தவன் எல்லாம் அந்த வேலையின் வியாபாரமும் தெரிந்தவன் என்று நம்பி விழுகிறான் என்பது அவர் வாதம். நோய் சரியாகத்தான் பிடிபட்டிருக்கிறது. மருந்துதான் நமக்கு ஒத்துவராது: யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும்படி முறை வகுத்து, நீ ஒதுங்கிக்கொள் என்கிறார். திருக்காளத்தியில் அதைச் செய்துதான் பார்க்கிறார்கள், அதற்குப் பெயர் ஸ்கிரீன் பிரிண்ட். கலம்காரி டிசைன் என்று பாலியெஸ்டரில் அச்சடித்து வருவதன் விலைக்கு எதிரே கையால் எழுதியவர் திணறுகிறார்.

இன்னொருவர் ரொனால்டு கோஸ். 1937இல் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: சந்தையில் எல்லாம் விலைக்குக் கிடைக்கும்போது நிறுவனம் என்று ஒன்று எதற்கு? ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி, பேரம் பேசி, சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு, ஆளைக் கூடவே வைத்திருக்கும் செலவைவிட அதிகமானால்தான் நிறுவனம் என்றார். இதை ஆதரவாகச் சொல்பவர்கள் திருப்பதியில் ஒருநாள் நடந்து பார்க்கலாம். பிழை திருத்துபவர், பிளேட் போடுபவர், ஆஃப்செட் அச்சகம், பைண்டிங் எல்லாம் ஒரு போன் தூரம். கல்யாண போட்டோகிராபரைக் கேளுங்கள். முகூர்த்த நாளில் நாலு கேமரா வேண்டும், நாள் கூலிக்கு ஆள் கிடைப்பார்கள். ஆடி, மார்கழி, தெலுங்கர்கள் பார்க்கும் மூடம் என்று கல்யாணமே இல்லாத மாதங்களில் சம்பள ஆள் என்ன செய்வார்? கோஸின் கணக்கு நம் ஊரில் தனியாள் பக்கம்தான் சாய்கிறது. 2013–14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பும் அப்படித்தான் காட்டுகிறது: நாட்டின் சுமார் 5.85 கோடி தொழில் நிலையங்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டில் நிரந்தரமாகக் கூலிக்கு வைத்த ஆள் ஒருவர்கூட இல்லை. இத்தனை பேரையும் பாதிவழியில் நின்றவர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என் கட்சிக்கு எதிராக இருப்பதையும் வைக்க வேண்டும். சொந்தத் துணி என்பது சொந்த நட்டமும்தான். 2020 ஊரடங்கில் கண்காட்சிகள் நின்றபோது எழுதி முடித்த சீலைகள் பெட்டியில் கிடந்தன. கூலி வாங்கியவர் வேலையை இழந்தார், துணிக்காரர் வேலையையும் முதலையும் சேர்த்து இழந்தார். சட்டமும் துணிக்காரனையே முதலில் பார்க்கிறது. சித்தூரில் உட்கார்ந்து வேலூர்க்காரருக்கு டிசைன் செய்து கொடுத்தால் ஆண்டுக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். அதே வேலூருக்குச் சரக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு மட்டும் ஒரு வரம்பு வரை விலக்கு. எல்லையோரம் வாழ்பவனுக்கு இது சின்னச் சுமை இல்லை. கூலிதான் பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்ளலாமா என்றால், அங்கேதான் நகரி தடுக்கிறது. 2021–22இல் நூல் விலை தாறுமாறாக ஏறியதே, அப்படிப்பட்ட காலத்தில் ஜாப் ஒர்க் தறிக்காரருக்கு நூல் நட்டம் இல்லை என்பது உண்மை. வியாபாரி பாவு போடுவதை நிறுத்திவிட்டால் தறியே ஓடாது என்பதும் உண்மை. தவணை மட்டும் ஓடும்.

ஆள் வைப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டிய தொழில்களும் உண்டு. வரிக்கணக்கு எழுதுபவர் ஒன்று. மாதா மாதம் 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்று எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில் கெடு. வேலை திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கை செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே தனியாளாக நிற்பதுதான் அசட்டுத்தனம்.

மற்றபடி என் தீர்ப்பு இது. ஃப்ரீலான்ஸிலிருந்து சொந்தத் தொழிலுக்கு நகரலாம், ஆனால் துணி முதலில், ஆள் கடைசியில். ஒரு சீசன் காத்திருக்கும் அளவுக்குச் சொந்தச் சேமிப்பு இல்லாதவர் முத்ரா கடனை நம்பி அறை பிடிக்க வேண்டாம். தனியாளாகவே ரேட்டை ஏற்றிப் பார்க்கலாம். ஆள் வைத்தே ஆக வேண்டுமென்றால் கலம்காரிக்காரர் செய்வதுபோல, கோட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு வண்ணம் நிரப்புவதைக் கொடுக்கலாம். பெரிய ஏஜென்சியிடமிருந்து வேலை வாங்கி, நாலு பையன்களை வைத்து முடித்துக் கொடுப்பதைத் தொழில் என்று நான் எண்ண மாட்டேன். அது எட்டுத் தறி.

கடையை மூடிவிட்டேன். பையன்களில் ஒருவன் பெங்களூரில் இருக்கிறான், என்னைவிட அதிகம் வாங்குகிறான். நான் மறுபடி தம்பி. இப்போது என் துணி ஒரு காலண்டர்: தமிழ் மாதமும் தெலுங்கு மாதமும் பக்கம் பக்கமாக, சித்திரை முதல் தேதியும் யுகாதியும் ஒரே தாளில், எல்லையோரக் கடைகளுக்கு. வேலூர்க் கடைகள் கேட்டதால் ஜி.எஸ்.டி. பதிவும் ஆயிற்று. ஆகஸ்டில் காகிதத்துக்குப் பணம் கட்டினால் டிசம்பரில்தான் திரும்ப வரும். போன வருடம் நானூறு மீந்தது. பொங்கல் தாண்டிவிட்டால் காலண்டரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பரணில் கிடக்கிறது, வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரிக்க இப்போதைக்கு அதுதான்.