ஸ்டார் இருக்கட்டும், லைசென்ஸ் இருக்கா?

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் எலெக்ட்ரீஷியன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வண்டி நகராது. அன்றைக்குப் பார்த்துத்தான், எங்கள் வீட்டு இரும்புக் குழாயைத் திறந்த மனைவி 'ஐயோ' என்று கையை உதறினார். மோட்டாரில் கசிந்த கரன்ட் குழாய்வரைக்கும் வந்துவிட்டது. லைன் இழுத்தவர் எர்த்தே கொடுக்கவில்லை. 'நம்ம பையன்தான் சார், தங்கமானவன்' என்று ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பிய ஆள். பையன் தங்கம்தான். வேலைதான் தகரம்!

"இதுக்குத்தான் ஆப் இருக்கே மாமா" என்றான் சென்னையில் இருக்கும் மச்சான். 2014-ல் அர்பன்கிளாப்பாக ஆரம்பித்து, 2020-ல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் பெருநகரங்களில் பிரபலம். பின்னணியை விசாரித்து, பயிற்சி கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள். முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடும்போது அது பெரிய தைரியம்தான்.

ஆனால், ஸ்டார் போடுவது யார்? நாம். நமக்கு என்ன தெரியும்? சிரித்துப் பேசினாரா, குப்பையைக் கூட்டிவிட்டுப் போனாரா... அவ்வளவுதான். சுவருக்குள் போன வயரை யார் பார்த்தது? அந்தத் தங்கப் பையனுக்கும் அன்றைக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன்! வேலை செய்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2021 அக்டோபரில், அதே நிறுவனத்தின் பியூட்டிஷியன் பெண்கள், கமிஷனையும் ரேட்டிங் கெடுபிடியையும் எதிர்த்து குருகிராமில் போராடினார்கள். நம்முடைய மூடு, அவர்களுடைய சோறு.

வேடிக்கை என்னவென்றால், கரன்ட் விஷயத்தில் அரசாங்கமே சலித்தெடுத்த ஆட்கள் நம்மிடம் உண்டு. தமிழக அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம், வயர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தகுதிச் சான்றிதழும், கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸும் தருகிறது. பல்பு, ஃப்யூஸ் மாற்ற அது தேவையில்லை. புது லைன் இழுக்கக் கட்டாயம் தேவை.

நான் கேட்டேனா? 'எவ்வளவு ஆகும்?' என்று மட்டும்தான் கேட்டேன். கடன் கொடுக்கும்முன் கணக்கைப் பார் என்று பி.காமில் மூணு வருஷம் படித்தவன் நான்!

லைசென்ஸ் இருந்தால் தப்பே நடக்காதா? நடக்கும். ஆனால், ஒரு பெயரும் நம்பரும் இருக்கும். போய்ப் புகார் கொடுக்க ஒரு வாசல் இருக்கும். ஸ்டாரைக் குறைத்தால் ஷாக் குறையுமா?

மறுநாள் வேறொருவர் வந்தார். கூச்சத்தோடு கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. பைக்குள்ளிருந்து பத்திரமாக எடுத்து நீட்டினார்.

"இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்ல சார்!"