இரண்டு தள்ளி, ஒன்று ஏறி

மார்கழி விடியலில் செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கம், திருமுல்கேரித் தெருக்களில் நடந்து பாருங்கள். தமிழர் வீட்டு வாசலில் கோலம், தெலுங்கர் வாசலில் அவர்கள் முக்கு என்று அழைக்கும் கோலம். இரண்டிலும் பூசணிப்பூ செருகிய சாணி உருண்டை. அழகு என்று சொல்லி நகர்ந்துவிடாமல், நின்று புள்ளிகளை எண்ணுங்கள்.

நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஒரு கோடு இரண்டு புள்ளி வலப்பக்கம் தள்ளி, ஒரு புள்ளி மேலே ஏறுகிறதா? ஏறியதைத் தள்ளியதால் வகுத்தால் ½. அதுதான் சாய்வு. வேறொரு மூலையில் நான்கு தள்ளி இரண்டு ஏறும் கோட்டுக்கும் அதே ½. நீளம் வேறு, சாய்வு ஒன்று. ஒன்றின் தொடர்ச்சியாக மற்றது அமையாதவரை, தெருக்கோடி வரை நீட்டினாலும் அவை சந்திக்காது, இணை கோடுகள்.

எனக்கு மிகவும் பிடித்தது செங்குத்துதான். அந்த முதல் கோட்டை மனத்துக்குள் இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் தள்ளியது இப்போது ஏற்றம். ஏறியது இடப்பக்கத் தள்ளல். ஒன்று இடம், இரண்டு மேல்: இடப்பக்கம் எதிர்க்குறி என்பதால் சாய்வு −2. ½, −2 இரண்டையும் பெருக்கினால் −1. பள்ளியில் மனப்பாடம் செய்த விதி இந்தத் திருப்பத்திலிருந்து பிறந்ததுதான். சிக்குக் கோலத்தில் நேரான இழைகள் 1, −1 என்ற சாய்வுகளில் புள்ளிகளுக்கிடையே பின்னிப் போகும். அதனால்தான் அவை வெட்டும் இடமெல்லாம் செங்கோணம்.

இடுக்குப்புள்ளியில் மட்டும் கவனம். அங்கே வரிசை இடைவெளியும் புள்ளி இடைவெளியும் பொதுவாகச் சமமல்ல. இணையைப் புள்ளி எண்ணியே சொல்லலாம். செங்குத்தைச் சொல்ல உண்மையான தூரத்தை அளக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் 1591இல் எழுந்த சார்மினாருக்குப் போங்கள். அதன் நான்கு வளைவுகளும் நான்கு திசை பார்த்தவை. வடக்கை மேலே வைத்துத் தாளில் வரைந்தால், கிழக்கு மேற்குக் கோட்டின் சாய்வு 0. வடக்கு தெற்குக் கோட்டில் தள்ளலே இல்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது, எனவே சாய்வும் இல்லை. கண்ணெதிரே செங்கோணம் இருந்தும், பெருக்கிப் பார்க்க வழியில்லை. தாளை 45 பாகை திருப்புங்கள். அதே இரண்டு கோடுகள், இப்போது 1, −1: சிக்குக் கோலத்தின் இழைகள்.